க்ளூட்டன் இல்லாத பிரெட்டில் இறால் சாண்ட்விச்: ஒரு மாத அனுபவம்

என் மகளுக்குச் சீலியாக் நோய் என்று தெரிந்து இரண்டு வருடம் ஆகிறது. கோதுமை போன்ற தானியங்களில் உள்ள க்ளூட்டன் என்ற புரதம் குடலைப் பாதிக்கும் நோய் அது. இட்லி, ஆப்பம், இடியாப்பம் என்று அரிசிச் சாப்பாட்டில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் பள்ளியில் பக்கத்துப் பிள்ளை சாண்ட்விச் டப்பாவைத் திறந்தால் பார்வை அங்கேதான் போகும். அதற்காகத்தான் அரிசி மாவு, மரவள்ளி மாவு, இசப்கோல் சேர்த்த இந்த பிரெட்டை வாங்கினேன். 300 கிராம் 290 ரூபாய். ரொம்ப அதிகம்.

முதல் நாள் பாக்கெட்டைப் பிரித்து அப்படியே கொடுத்தேன், ஒரு கடியிலேயே உதிர்ந்து மடியெல்லாம் தூள். மாவை இழுத்துப் பிடிப்பதே க்ளூட்டன்தான், அது இல்லாத பிரெட்டிடம் அந்த மெத்தென்ற தன்மையை எதிர்பார்க்க முடியாது. மீதியைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தேன், அது இன்னும் தப்பு, மறுநாள் விறைத்துப் போயிருந்தது. இப்போது ஃப்ரீசரில்தான் வைக்கிறேன். துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் இடையில் பட்டர் பேப்பர் வைக்க வேண்டியிருக்கிறது, கம்பெனிக்காரர்களே இதைச் செய்து கொடுத்திருக்கலாம். ஃப்ரீசரிலிருந்து எடுத்து நேராகத் தோசைக்கல்லில் வெண்ணெய் தடவி, சிறு தீயில் இரண்டு பக்கமும் ஓரம் பொன்னிறமாகும் வரை விட்டால் வேறு பிரெட்டாகவே ஆகிவிடுகிறது: வெளியே மொறுமொறுப்பு, உள்ளே லேசான ஈரம். சப்பாத்தி சுடும் கல்லில் மட்டும் போடாதீர்கள், கோதுமை மாவு ஒட்டியிருக்கும். இவளுக்கென்று தனிக் கல் வைத்திருக்கிறேன்.

உள்ளே வைக்க இறால். ஞாயிற்றுக்கிழமை காலை காசிமேட்டில் வாங்கி, முதுகுக் கோட்டில் கீறிக் குடலை எடுத்து, கழுவியதும் துணியில் ஒற்றி எடுப்பேன், ஏனென்றால் தண்ணீர் விட்டால் இந்த பிரெட் தாங்காது. மஞ்சள், மிளகு, பூண்டு, கொஞ்சம் மிளகாய்த்தூள் போட்டுப் பெரிய தீயில் இரண்டு மூன்று நிமிடம் வதக்கினால் போதும், இறால் வளைந்து நிறம் மாறியதும் இறக்கிவிட வேண்டும், தாண்டினால் ரப்பர். நன்றாக ஆறிய பிறகு பொடியாக நறுக்கி, வீட்டில் அடித்த மயோனைஸ், எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு. பிரெட்டின் மேல் முதலில் ஒரு லெட்டூஸ் இலை, அப்புறம் இறால். இலை இல்லாவிட்டால் கீழ்த் துண்டு பத்து நிமிடத்தில் ஊறிவிடும்.

பிரெட்டைப் பார்த்து வாங்கிவிட்டு மசாலாவில் கோட்டை விட்டுவிடக் கூடாது. கடையில் வாங்கும் பெருங்காயத்தூளில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், சாதாரண சோயா சாஸிலும் கோதுமை உண்டு, நண்டு என்று சொல்லி விற்கும் குச்சிகளிலும் கோதுமை ஸ்டார்ச் இருக்கலாம். நம் நாட்டு விதிப்படி ‘க்ளூட்டன் இல்லாதது’ என்று அச்சடிக்க, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் க்ளூட்டன் இருக்கக் கூடாது. இந்த பாக்கெட்டில் அந்த வாசகம் தெளிவாக இருந்தது. அதே அலமாரியில் இருந்த இன்னொரு பிரெட்டின் பின்பக்கம் ‘கோதுமையும் கையாளப்படும் இடத்தில் தயாரானது’ என்று பொடி எழுத்தில் இருந்தது, அதைத் திருப்பி வைத்துவிட்டேன்.

தினமும் வாங்கக் கட்டுப்படியாகாது. மாதம் ஒரு பாக்கெட் வாங்கலாம், வாங்குவேன். போன திங்கட்கிழமை டப்பா காலியாகத் திரும்பி வந்தது, பக்கத்துப் பிள்ளைக்கும் பாதி கொடுத்தாளாம்.