புது மாகாணத்துக்கு எந்தத் தேர்தல் முறை? கோடு போடுகிற கையைப் பாருங்கள்

மே மாத விடுமுறையில் டெல்லி மயூர் விஹாரில் எங்கள் ஞாயிறு தமிழ் வகுப்புப் பிள்ளைகள் ஒரு மாகாணத்தையே உருவாக்கினார்கள். நெய்தல் மாகாணம் என்று பெயர். இரண்டு சார்ட் பேப்பரை ஒட்டி ஓர் ஆறு, ஒரு துறைமுகம், 60 வீடுகள். வீட்டுக்கு ஒரு வாக்காளர். ஆள் போதாததற்கு அப்பா அம்மா, தாத்தா பாட்டி எல்லாரையும் சேர்த்துக்கொண்டோம். முதல் பொதுத்தேர்தல், 5 இடங்கள். தோசைக்கல், மெட்ரோ, வேப்பமரம் என்று மூன்று சின்னங்கள். தேர்தலை எந்த முறையில் நடத்துவது என்பது மட்டும் என் தலையில் விழுந்தது. நான் தேர்ந்தெடுத்தது விருப்ப வரிசை முறை. ஒற்றை மாற்று வாக்கு என்பார்களே, அதுதான்.

நமக்குப் பழகிய முறை, தொகுதிக்கு ஒருவர், அதிக ஓட்டு வாங்கியவர் வெற்றி. எளிது, சீக்கிரம் முடியும், 'எங்கள் எம்எல்ஏ' என்று ஒருவரைக் கைகாட்டலாம். ஓட்டுக்கும் இடத்துக்கும் பொருத்தம் இருக்காது என்பதை டெல்லியில் இருப்பவர்களுக்கு விளக்கவே வேண்டாம். 2015இல் ஆம் ஆத்மி சுமார் 54 சதவீத ஓட்டில் 70க்கு 67 இடங்களை அள்ளியது. 2025இல் பாஜகவுக்கும் ஆம் ஆத்மிக்கும் இடையே சுமார் 2 சதவீதம்தான் வித்தியாசம். இடங்களோ 48க்கு 22.

ஆனால் என்னை மாற்றியது இந்தக் கணக்கு இல்லை, கோடு. புது மாகாணத்தில் தொகுதி என்று எதுவுமே கிடையாது, யாராவது உட்கார்ந்து வரைந்தாக வேண்டும். தோசைக்கல் பிள்ளைகள் ஒரு வரைபடம் கொண்டுவந்தார்கள், மெட்ரோ பிள்ளைகள் இன்னொன்று. இரண்டிலும் தொகுதிக்குச் சரியாக 12 வீடுகள். யாரும் விதி மீறவில்லை. வீடு வீடாகப் பிரசாரம் போனதில் எந்த வீடு யார் பக்கம் என்று இரு தரப்புக்கும் அத்துப்படி. மெட்ரோக்காரர்களின் தாளில் ஆற்றங்கரையை ஒட்டி வந்த பென்சில் கோடு, ஒரே ஒரு வீட்டை வெளியே தள்ளுவதற்காகச் சட்டென்று வளைந்து திரும்பியிருந்தது. அழித்து அழித்து அந்த இடத்தில் தாளே நைந்துபோயிருந்தது. வரைந்த பையனுக்குப் பதினொரு வயது. இதை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சீட்டின் பின்னால் வீட்டு எண் இருந்ததால் அதே 60 ஓட்டுகளை இரண்டு வரைபடத்திலும் எண்ணிப் பார்த்தோம். முதல் விருப்பத்தில் தோசைக்கல் 27, மெட்ரோ 22, வேப்பமரம் 11. தோசைக்கல்காரர்களின் படத்தில் 4–1. மெட்ரோக்காரர்களின் படத்தில் 2–3. ஓர் ஓட்டுகூட மாறவில்லை, ஆட்சி மாறிவிட்டது. வேப்பமரத்துக்கு இரண்டிலும் பூஜ்யம்.

சூதே இல்லாவிட்டாலும் கோடு பழசாகும். 2004 மக்களவைத் தேர்தலில் அவுட்டர் டெல்லியில் 30 லட்சத்துக்கும் மேல் வாக்காளர்கள். சாந்தினி சௌக்கில் அதில் கால்வாசிகூட இல்லை. இரண்டுக்கும் ஆளுக்கு ஓர் எம்பி. 2014இல் பிறந்த தெலங்கானா, ஒன்றுபட்ட ஆந்திராவுக்காக வரைந்த 119 தொகுதிகளோடுதான் பிறந்தது. 153 ஆக உயர்த்தலாம் என்று மறுசீரமைப்புச் சட்டமே சொல்லியும் 2018, 2023 தேர்தல்கள் அதே 119இல்தான் நடந்தன. மக்களவை இடங்கள் 1971 கணக்கெடுப்போடு நிற்பதும், மறுவரையறை என்றதும் தமிழ்நாடு பதறுவதும் தெரிந்த கதை. இந்த முறையின் பராமரிப்புச் செலவு இதுதான். மக்கள் இடம் மாற மாற மறுபடி வரைய வேண்டும், வரையும்போதெல்லாம் சண்டை.

விருப்ப வரிசையில் மாகாணம் முழுவதும் ஒரே தொகுதி, 5 இடங்கள். 1, 2, 3 என்று பிடித்த வரிசையில் எண் போட வேண்டும். 11 ஓட்டு வாங்கினால் வெற்றி. ஆறு பேர் தலா 11 வாங்க 66 ஓட்டு வேண்டும், இருப்பது 60தான். அதனால் ஐந்து பேருக்கு மேல் அந்த எண்ணிக்கையைத் தொடவே முடியாது. அதற்கு மேல் வாங்கிய உபரி அடுத்த விருப்பத்துக்குப் போகும். முடிவு 2–2–1. வேப்பமரத்தின் பெயர் அறிவித்ததும் அதில் நின்ற பெண் நம்ப முடியாமல் சீட்டுகளை வாங்கி மறுபடி தானே எண்ணினாள். இந்த முறை நமக்கும் புதிதல்ல. எம்எல்ஏக்கள் மாநிலங்களவைக்கு இப்படித்தான் ஓட்டுப் போடுகிறார்கள். அயர்லாந்தில் 1959இலும் 1968இலும் இதை ஒழிக்க வாக்கெடுப்பு வைத்தபோது, மக்கள் இரண்டு முறையும் மறுத்துவிட்டார்கள்.

கட்சிக்கு ஓட்டுப் போட்டு, ஓட்டின் விகிதத்தில் இடம் பிரிக்கும் கட்சிப் பட்டியல் முறையிலும் எங்களுக்கு அதே 2–2–1தான் வந்திருக்கும். கோட்டுச் சண்டையும் பெருமளவு இல்லை. இலங்கையில் மக்கள்தொகை மாறினால் மாவட்டத்தின் எல்லையைத் தொடாமல் இடங்களைத்தான் கூட்டிக் குறைக்கிறார்கள். யாழ்ப்பாணத்துக்கு 2010இல் 9 ஆக இருந்தது 2024இல் 6 ஆனது. வலிக்கிற எண்தான், ஆனாலும் ஒளிக்க முடியாத எண். நான் ஏன் பட்டியலை எடுக்கவில்லை என்றால், மூடிய பட்டியலில் ஆளைக் கட்சியே முடிவு செய்துவிடும். எங்கள் பாட்டி ஒருவர் 1 என்று மெட்ரோ பையனுக்கும் 2 என்று வேப்பமரப் பெண்ணுக்கும் போட்டிருந்தார். "ரெண்டும் நல்ல பிள்ளைங்கப்பா, ஒண்ணை எதுக்கு விடணும்?" என்றார். மூடிய பட்டியலில் அவருக்கு இடமில்லை. இலங்கையில் ஆளுக்கும் விருப்பு வாக்கு உண்டு. ஆனால் அங்கே ஒரே கட்சிக்காரர்களே தங்களுக்குள் மோதிக்கொள்வார்கள். அந்த நோய் என் முறைக்கும் வரக்கூடியதுதான்.

மற்ற குறைகளும் உண்டு. மூன்று சீட்டுகளில் எண்ணுக்குப் பதில் டிக் இருந்தது. வேறு சீட்டு கொடுத்து எழுதவைத்தோம். நிஜத் தேர்தலில் அவை செல்லாத ஓட்டுகள். இப்போதைய வாக்குப்பதிவு இயந்திரம் வரிசை எண்ணுக்காகச் செய்ததல்ல. உபரியைப் பின்னமாகப் பங்கிடும் இடத்தில் பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் திணறினோம்; அதற்கே முக்கால் மணி நேரம். என் அனுபவம் 60 சீட்டோடு சரி. லட்சக்கணக்கில் எண்ணும் களைப்பை அதை வைத்து நான் அளக்க மாட்டேன்.

போன வாரம் பிள்ளைகள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இன்னும் 12 வீடுகள் வரைந்துவிட்டார்கள். பென்சிலோடு தயாராக வந்த பையனிடம், எல்லை எதையும் தொட வேண்டாம், நாற்காலி ஒன்றைக் கூட்டி ஆறாக்கு என்றேன். தாளின் ஓரத்தில் இருந்த 5ஐ அழித்து 6 என்று எழுதிவிட்டு, வீடுகளுக்கு வண்ணம் அடிக்கப் போய்விட்டான்.