உறுதியான டிக்கெட் இருந்தும் விமானத்தில் ஏற்றவில்லையா? அவர்கள் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்

சென்னையிலிருந்து தில்லிக்கு மாலை விமானம். அம்மாவுக்கும் எனக்கும் ஒரே பிஎன்ஆர் எண்ணில், வெகு நாட்களுக்கு முன்பே முழுப் பணமும் கட்டி எடுத்த டிக்கெட். மறுநாள் விடியற்காலையில் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசம். கவுண்டர் மூடுவதற்கு வெகு முன்பே போய்ப் பெட்டிகளைப் போட்டோம். அம்மாவின் போர்டிங் பாஸில் இருக்கை எண் இருந்தது. என்னுடையதில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. "கேட்டில் தருவார்கள் சார்" என்றார் கவுண்டரில் இருந்தவர்.

கேட்டில் தரவில்லை. முதலில் சிஸ்டத்தில் கோளாறு என்றார்கள். பிறகு சின்ன விமானம் வந்துவிட்டது என்றார்கள். விடாமல் கேட்டபோதுதான், இருக்கைகளைவிட அதிக டிக்கெட் விற்றிருப்பதாக ஓர் ஊழியர் ஒப்புக்கொண்டார். "அம்மா போகட்டும், நீங்கள் காலை விமானத்தில் வாருங்கள்" என்று எளிதாகச் சொல்லிவிட்டார். எழுபதைத் தாண்டிய, முழங்கால் வலியோடு நடக்கிற, இந்தி ஒரு சொல்லும் தெரியாத அம்மாவை அன்று தனியாக அனுப்பினேன். விசேஷத்தில் ஒருவராவது இருக்க வேண்டுமே என்று அம்மாவேதான் கிளம்பினார். நான் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்திருந்தது.

சிலர் வராமல் போவார்கள் என்று கணக்குப் போட்டு அதிகமாக விற்பது உலகெங்கும் உள்ள வழக்கம்தான். கணக்கு தப்பினால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் விதி இருக்கிறது. டிஜிசிஏ எனப்படும் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் இழப்பீட்டை உயர்த்தித் திருத்திய விதி 2016 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, சலுகை தருகிறோம், யாராவது தாமாக இருக்கையை விட்டுக்கொடுப்பீர்களா என்று முதலில் பயணிகளிடம் கேட்க வேண்டும். எங்கள் கேட்டில் அப்படி ஓர் அறிவிப்பே வரவில்லை. யாரும் முன்வராவிட்டால்தான் ஒருவரை விருப்பமின்றி நிறுத்தலாம். அப்போது ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பும் மாற்று விமானம் தந்தால் இழப்பீடு இல்லை. 24 மணி நேரத்துக்குள் என்றால், அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையின் இரு மடங்கு, 10,000 ரூபாய் வரை. அதற்கும் மேலானால் நான்கு மடங்கு, 20,000 ரூபாய் வரை. மாற்று விமானமே வேண்டாம் என்றால், டிக்கெட் பணம் முழுவதோடு அந்த நான்கு மடங்கும் சேரும்.

இதைக் கொடுக்காமல் தப்பிக்கத்தான் கேட்டில் என்னிடம் ஒரு தாளை நீட்டினார்கள். பயணத்தை என் விருப்பப்படி மறுநாளைக்கு மாற்றிக்கொள்கிறேன் என்று அதில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. கூடவே, அடுத்த பயணத்துக்கு ஒரு சிறு தள்ளுபடிக் கூப்பன். "கையெழுத்துப் போட்டால்தான் காலை விமானத்தில் இடம் தர முடியும்" என்றார்கள். இது அப்பட்டமான பொய். கையெழுத்து இல்லாமலே இடம் தந்தார்கள். அந்தத் தாளில் கையெழுத்திட்டால் நீங்கள் தாமாக விட்டுக்கொடுத்தவர் ஆகிவிடுவீர்கள். இழப்பீடு அங்கேயே போய்விடும்.

ஏற்ற மறுத்த காரணத்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். மேலாளர் மறுத்தார். உடனே அங்கே நின்றபடியே நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்: இந்த கேட்டில் நிற்கிறேன், விமானம் இன்னும் கிளம்பவில்லை, இருக்கை இல்லை என்கிறார்கள். இருக்கை எண் இல்லாத போர்டிங் பாஸையும் படமெடுத்து இணைத்தேன். நீங்களும் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். ஏனென்றால், பிறகு அவர்களிடமிருந்து வந்த பதில் என்ன தெரியுமா? பயணி தாமதமாக வந்தார், ஆகவே இழப்பீடு கிடையாது! கேட் மூடுவதற்கு முன்பே நான் அனுப்பிய மின்னஞ்சல்தான் இன்று என் கையில் இருக்கும் சாட்சி.

இதை ஒரு தனி ஊழியரின் தவறு என்று என்னால் விட முடியவில்லை. நேரத்துக்கு வந்த பயணிகளை ஏற்றாமல் விட்டதற்கும் இழப்பீடு கொடுக்காததற்கும் ஏர் இந்தியாவுக்கு டிஜிசிஏ 2022 ஜூனில் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. எனக்கு நேர்ந்தது வேறொரு நிறுவனத்தில்.

வெப் செக்-இன் திறந்ததும் இருக்கையைப் பிடித்துவிடுங்கள். இருக்கை விமான நிலையத்தில் ஒதுக்கப்படும் என்று திரையில் வந்தால், முன்கூட்டியே போய் முதல் ஆளாகக் கவுண்டரில் நில்லுங்கள். வயதானவர்களோடு போகும்போது இதில் அலட்சியம் வேண்டவே வேண்டாம்.

அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் பதிந்திருக்கிறேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லலாம். பணம் இன்னும் வரவில்லை. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நிறுவனத்தின் தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. நாம் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணமும் கிடையாது.