அரசு வழக்கறிஞர் ஆக ஆசையா? முதல் ஐந்து வருடத்தை எங்கே போடுவது: ஏ.பி.பி., ஜி.பி. அலுவலகம், சட்ட உதவி, சிவில் ஜட்ஜ் ஓர் ஒப்பீடு

தமிழ்நாட்டில் சட்டக் கல்லூரியை விட்டு வெளியே வந்த கையோடு அரசு வழக்கறிஞர் ஆகிவிட முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார் கவுன்சிலில் வழக்கறிஞராகப் பதிவு செய்து ஆறு மாதம்கூட ஆகாத பிள்ளைகள் கோச்சிங் சென்டரில் பணத்தைக் கட்டிவிட்டு வந்து "ஏ.பி.பி. எக்ஸாம் எப்போ சார் வரும்" என்று கேட்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. ஏ.பி.பி., அதாவது அரசு உதவி வழக்கு நடத்துநர், நிலை-II பதவிக்கு டி.என்.பி.எஸ்.சி. பட்டத்தோடு நிறுத்துவதில்லை, குற்றவியல் நீதிமன்றங்களில் குறைந்தது 5 ஆண்டு தொழில் செய்திருக்க வேண்டும் என்கிறது. அதனால் எந்தப் பரீட்சைக்குப் படிப்பது என்று யோசிக்கும் முன், அந்த ஐந்து வருடம் யாரிடம், எந்தக் கோர்ட்டில் என்று யோசிக்க வேண்டும். என் கருத்தைக் கேட்டால், சாட்சியை நிறுத்தி விசாரிக்கும் வாய்ப்பு எங்கே சீக்கிரம் கிடைக்கிறதோ அங்கே போக வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முதலில் ஏ.பி.பி. வேலையே என்ன என்று பார்ப்போம். குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில், அதாவது ஜே.எம். கோர்ட்டில், போலீஸ் போட்ட வழக்கை அரசுத் தரப்பில் நடத்துபவர். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இதற்கு 25-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 19-வது பிரிவு. நிரந்தரப் பணி, அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாயில் தொடங்குகிறது, படிகள் தனி. போலீஸுக்குக் கீழே வேலை பார்க்க வேண்டியிருக்குமோ என்று சிலருக்குப் பயம். 1995-லேயே ஷஹானே வழக்கில் உச்ச நீதிமன்றம், ஏ.பி.பி.க்கள் காவல் துறையின் கட்டுப்பாட்டில் இருக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. இங்கே குற்ற வழக்குத் தொடர்வுத் துறை என்று தனித் துறையே இருக்கிறது.

கோர்ட் உட்காரும் முன்பே கோர்ட் காவலர் அன்றைய வழக்குக் கட்டுகளைக் கொண்டுவந்து மேஜையில் அடுக்கிவிடுவார். ஒரு விபத்து வழக்கு, இரண்டு அடிதடி, ஒரு செயின் பறிப்பு, நடுவில் ரிமாண்ட், ஜாமீன் மனுவுக்கு ஆட்சேபணை. செயின் பறிப்பு வழக்கில், பொருளைக் கைப்பற்றும்போது போலீஸ் சாட்சி வைத்து எழுதும் பறிமுதல் மகஜரில் கையெழுத்துப் போட்ட டீக்கடைக்காரர் கூண்டில் ஏறுவார். "ஸ்டேஷன்ல கூப்பிட்டு கையெழுத்து போடச் சொன்னாங்க, போட்டேன், வேற ஒண்ணும் தெரியாதுங்க" என்பார். அந்த நொடியில் நீங்கள் எழுந்து அவரைப் பிறழ் சாட்சியாக, அதாவது தன்னை அழைத்த தரப்புக்கே மாறாகப் பேசும் சாட்சியாக, கருத அனுமதி கேட்டு, அவர் போலீஸிடம் கொடுத்ததாகச் சொல்லப்படும் வாக்குமூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, உங்கள் சாட்சியை நீங்களே குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். கையெழுத்து தன்னுடையதுதான் என்பதையாவது ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும், கடை ஸ்டேஷனுக்கு எவ்வளவு தூரம் என்று கேட்கலாமா வேண்டாமா என்று பார்க்க வேண்டும், கேட்டால் அது எதிர்த்தரப்பு வக்கீலுக்குத்தான் லாபமாகப் போகுமோ என்று யோசிக்க வேண்டும், இவ்வளவையும் நடுவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் முடிவு செய்தாக வேண்டும். புத்தகம் படித்து இது வராது. அந்த ஐந்து வருட நிபந்தனையைத் திட்டுகிறவர்கள் பலர், ஆனால் நான் அதை முழு மனசோடு ஆதரிக்கிறேன். எதிரே நிற்பவன் ஜெயிலுக்குப் போகலாம், நகையைப் பறிகொடுத்த அம்மா பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், இரண்டு பேருக்கும் பழக்கமில்லாத ஒருவரை அங்கே நிறுத்துவது நியாயமில்லை.

இந்த வேலையில் எனக்குப் பிடித்த இன்னொன்று, எப்படியாவது தண்டனை வாங்கிக் கொடுக்க வேண்டும் என்ற கடமை ஏ.பி.பி.க்குக் கிடையாது. 1999-ல் சிவகுமார் எதிர் ஹுக்கம் சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியிருக்கிறது: உண்மை என்ன என்று பார்க்காமல் தண்டனைக்காகத் துடிப்பது அரசு வழக்கறிஞரின் வேலை இல்லை, குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான விஷயம் இருந்தாலும் அதையும் நீதிமன்றத்தின் முன் வைக்க வேண்டும். நடைமுறையில் விசாரணை அதிகாரி வந்து "சார், இது பெரிய இடத்து கேஸ், பார்த்துக்கங்க" என்பார். அப்போது இந்தத் தீர்ப்பு உங்களுக்கு நல்ல துணை.

குறைகளும் உண்டு. அறிவிப்பு வருடா வருடம் வராது, வந்தாலும் சமீபத்திய அறிவிப்புகளில் மாநிலம் முழுவதற்கும் ஐம்பதைச் சுற்றித்தான் இடங்கள். ஊர் மாற்றம் உண்டு, ஒரே ஆள் இரண்டு கோர்ட்டுக்கு இன்சார்ஜ் பார்க்கும் நிலையும் வரும். தனியாக வழக்கு எடுக்க முடியாது.

அடுத்தது ஜி.பி., அதாவது அரசு பிளீடர் வழி. இதில் பரீட்சை கிடையாது, அரசு நியமிக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் மதுரைக் கிளைக்கும் 2017-ல் தனி நியமன விதிகள் கொண்டுவந்தார்கள். அதற்கு முந்தைய வருடம் பஞ்சாப் அரசு எதிர் பிரிஜேஷ்வர் சிங் சாஹல் வழக்கில், அரசு சட்ட அலுவலர் நியமனம் வெளிப்படையாக, தகுதி பார்த்து நடக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. விதி வந்தது நல்லதுதான், ஆனாலும் ஆட்சி மாறினால் பட்டியலும் மாறுகிறது என்பது கோர்ட் வளாகத்தில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும். செஷன்ஸ் கோர்ட்டில் நிற்கும் பப்ளிக் பிராசிக்யூட்டர் (பி.பி.) ஆவதற்கே சட்டப்படி 7 ஆண்டு அனுபவம் வேண்டும். ஆக, புதியவருக்கு இந்த வழியில் கிடைப்பது ஜி.பி. ஒருவரிடம் ஜூனியராகச் சேர்வது மட்டும்தான்.

அதில் என்ன கற்றுக்கொள்ளலாம்? அரசின் நடவடிக்கையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனுவுக்கு எதிர் உறுதிமொழிப் பத்திரம் தயாரிப்பது, தாசில்தார் அலுவலகத்திலிருந்து பத்திவாரியான பதிலை வாங்குவது, பணி நியமனம், நில எடுப்பு, பட்டா மேல்முறையீடு என்று அரசாங்கம் எப்படி யோசிக்கிறது என்பது அத்தனையும் கைக்கு வரும். இதில் எழுத்து நன்றாகக் கூர்மையாகும். ஆனால் சாட்சி விசாரணை என்பதே கண்ணில் படாது. உயர் நீதிமன்ற பி.பி. அலுவலகத்தில் ஜாமீன், எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யும் மனு, மேல்முறையீடு என்று குற்றவியல் வேலை உண்டு, ஆனாலும் விசாரணை அங்கே நடப்பதில்லை. பிற்காலத்தில் உயர் நீதிமன்றத்தில்தான் தொழில் என்று முடிவு செய்தவருக்கு இது நல்ல இடம். ஏ.பி.பி. ஆக நினைப்பவர் இங்கே ரிட் பார்த்துக்கொண்டு வருடங்களைக் கழித்தால், விண்ணப்பிக்கும் நேரத்தில் குற்றவியல் நீதிமன்ற அனுபவத்துக்குச் சான்று தேடி அலைய வேண்டியிருக்கும்.

மூன்றாவதை நம் பிள்ளைகள் பெரும்பாலும் கவனிப்பதே இல்லை, எனக்கு இதில்தான் ஆதங்கம் அதிகம். தேசிய சட்டப் பணிகள் ஆணையம், நால்சா, குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு இலவசமாக வாதாட 2022-ல் கொண்டுவந்த சட்ட உதவி எதிர்வழக்காடும் வழக்கறிஞர் திட்டம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் கீழ் தலைமை, துணை, உதவி என்று மூன்று நிலைகள். தலைமைக்கு 10 ஆண்டு, துணைக்கு 7 ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். உதவி வழக்கறிஞருக்கு 0 முதல் 3 ஆண்டு வரை போதும். ஆமாம், பூஜ்யத்திலிருந்து. பொதுப் பணத்தில் சம்பளம் வாங்கி கோர்ட்டில் நிற்கும் வேலைகளில், புதியவருக்கென்றே கதவு திறந்திருப்பது எனக்குத் தெரிந்து இங்கேதான்.

முழுநேர வேலை, தனி பிராக்டிஸ் கூடாது. ஒப்பந்தம் இரண்டு ஆண்டுக்கு, வேலை திருப்தியாக இருந்தால் நீட்டிப்பார்கள். மதிப்பூதியம் ஊரைப் பொறுத்து மாறும், ஏ.பி.பி. சம்பளத்துக்குப் பக்கத்தில் வைக்க முடியாது, ஓய்வூதியம் எதுவும் இல்லை. பணத்தை மட்டும் பார்த்தால் இது தோற்றுவிடும்.

ஆனால் வேலையைப் பாருங்கள். 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி காவலில் இருக்கும் எவருக்கும் இலவச வக்கீல் கேட்க உரிமை உண்டு. கிளைச் சிறைக்குப் போனால், தன் மேல் என்ன பிரிவு போட்டிருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாத ஒருவர் எதிரே வந்து உட்காருவார். ஜாமீன் கிடைத்து வாரங்கள் ஆகியிருக்கும், ஜாமீன்தாரர் இரண்டு பேர் கிடைக்காமல் உள்ளேயே இருப்பார். "வீட்ல தகவல் சொல்லிட்டீங்களாய்யா?" என்று கேட்பார். நம்பர் கேட்டால் பழைய நம்பர்தான் ஞாபகம் இருக்கும். ஊர்ப் பெயரை வைத்து வி.ஏ.ஓ.வைப் பிடித்து, அவர் மூலம் அண்ணனைப் பிடித்து, நிபந்தனையைத் தளர்த்த மனு போட்டு ஆளை வெளியே கொண்டுவருவது வரை உங்கள் பொறுப்பு. அப்புறம் அவருடைய வழக்கிலேயே அந்த டீக்கடைக்காரரை நீங்கள் குறுக்கு விசாரணை செய்வீர்கள், மகஜரில் தேதி திருத்தப்பட்டிருப்பதை நீங்கள்தான் கண்டுபிடிப்பீர்கள். பெரிய சீனியர் ஆபீஸில் வாய்தா வாங்கிக்கொண்டே இருக்கும் ஜூனியருக்கு இந்த வாய்ப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. புலனாய்வில் ஓட்டை எங்கெங்கே விழும் என்று எதிர்த்தரப்பிலிருந்து பார்த்துப் பழகியவர், பின்னால் ஏ.பி.பி. ஆகும்போது குற்றப்பத்திரிகை வந்த அன்றே அந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டிவிடுவார்.

அப்புறம் சிவில் ஜட்ஜ். இது வழக்கறிஞர் வேலை இல்லைதான், ஆனால் ஏ.பி.பி.க்குப் படிப்பவர்கள் எல்லோரும் இதையும் சேர்த்தே படிக்கிறார்கள், அதனால் விட முடியாது. 2023 அறிவிப்பில் 245 இடங்கள், அடிப்படைச் சம்பளம் இப்போது 77,840 ரூபாயிலிருந்து. இடத்திலும் சம்பளத்திலும் ஏ.பி.பி.யை விட மேல். முன்பெல்லாம் படித்து முடித்தவுடனே எழுதலாம் என்பதுதான் இதன் பெரிய கவர்ச்சி. 2025 மே 20-ல் உச்ச நீதிமன்றம் அகில இந்திய நீதிபதிகள் சங்க வழக்கில், இனி வரும் தேர்வுகளுக்குக் குறைந்தது 3 ஆண்டு தொழில் அனுபவம் வேண்டும் என்று தீர்ப்பு சொல்லிவிட்டது. 2002-ல் நீக்கிய நிபந்தனை திரும்ப வந்துவிட்டது. தற்காலிகப் பதிவு தேதியிலிருந்து கணக்கு, நீதிபதிகளிடம் சட்ட எழுத்தராக இருந்த காலமும் சேரும். வீட்டில் உட்கார்ந்து படித்தே ஜட்ஜ் ஆகலாம் என்ற பாதை இதோடு அடைபட்டது.

ஆக இங்கே மூன்று வருடம், அங்கே ஐந்து வருடம், இரண்டுக்கும் கோர்ட்டில் நின்றே ஆக வேண்டும். ஒரு வித்தியாசம், ஜட்ஜ் தேர்வுக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டம், சொத்து மாற்றுச் சட்டம் எல்லாம் வேண்டும், கூடவே மொழிபெயர்ப்புக்கென்று 100 மார்க்குக்குத் தனித் தாள். வாக்குமூலம், தீர்ப்பு, ஆவணம் என்று தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் அங்கிருந்து இங்கும் மாற்ற வேண்டும். தமிழில் வாதாடும் முன்சீப் கோர்ட்டில் பழகியவர்களுக்கு அந்தத் தாள் கைகொடுக்கும். குற்றவியல் மட்டும் பார்த்தவர் உரிமையியலைத் தனியாக உட்கார்ந்து படித்தாக வேண்டும்.

இரண்டில் எது மேல் என்று கேட்டால், பேசப் பிடிக்கிறதா, கேட்கப் பிடிக்கிறதா என்று உங்களையே பாருங்கள். பரபரப்பாக எழுந்து வாதாடும் சுபாவம் உள்ளவர் மேடையில் உட்கார்ந்து நாள் முழுவதும் இரு தரப்பையும் குறித்துக்கொண்டிருந்தால் சலித்துப்போவார். ஏ.பி.பி. பதவிக்கு இன்னொரு பலம், 2013-ல் தீபக் அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சம்பளம் வாங்கும் அரசு வழக்கு நடத்துநரும் வழக்கறிஞர்தான் என்று சொன்னது. அதாவது 7 ஆண்டு வழக்கறிஞர் அனுபவத்தை வைத்து நேரடி மாவட்ட நீதிபதி தேர்வுக்குப் போகும் வழி அவருக்கு அடைபடாது. முன்பு சிவில் ஜட்ஜாகப் போனவருக்கு அந்த வழி கிடையாது, 2025 அக்டோபரில் ரெஜனீஷ் வழக்கில் வழக்கறிஞர் அனுபவத்தையும் நீதிபதி அனுபவத்தையும் சேர்த்து 7 ஆண்டு இருந்தால் போதும் என்று சொன்ன பிறகு அவர்களுக்கும் திறந்துவிட்டது. இந்த ஒரு காரணத்துக்காக ஏ.பி.பி.தான் என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்தவர்கள் இப்போது மறுபடி யோசிக்கலாம்.

சரி, நாளைக்கே முடிவெடுக்க வேண்டிய ஒருவருக்கு நான் சொல்வது இதுதான். மாவட்டத் தலைநகரிலோ தாலுகா கோர்ட்டிலோ குற்ற வழக்கு நிறைய நடத்தும், ஜூனியரைக் குறுக்கு விசாரணைக்கு எழுப்பிவிடும் சீனியர் கிடைத்தால் அவரிடம் சேருங்கள். அப்படி ஒருவர் கிடைக்கவில்லை, வீட்டு நிலைமையும் இடம் கொடுக்கவில்லை என்றால் சட்ட உதவி வழக்கறிஞர் பணிக்கு விண்ணப்பியுங்கள், அறிவிப்பு மாவட்ட நீதிமன்றத்தின் இணையதளத்திலேயே வரும். ஜி.பி. அலுவலகம் உயர் நீதிமன்றக் கனவு உள்ளவர்களுக்கு மட்டும்.

சீனியரிடம் சேரும்போது பணம் பற்றிப் பேசக் கூச்சப்படாதீர்கள். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறையாமல் கொடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்புமாறு பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. எல்லா ஆபீஸிலும் கொடுப்பதில்லை. ஆனால் பெண்களும், முதல் தலைமுறையில் படித்துவிட்டு வந்தவர்களும் ஓராண்டிலேயே தொழிலை விட்டுப் போவதற்கு முதல் காரணம் இந்தப் பணம்தான், அதனால் கேட்டே ஆக வேண்டும்.

அதேபோல, வக்காலத்தில் சீனியர் பெயரோடு உங்கள் பெயரும் பதிவெண்ணும் இருக்கிறதா என்று முதல் நாளிலிருந்தே பாருங்கள். ஆஜரான வழக்கு எண், கோர்ட், தேதி, யாரை விசாரித்தீர்கள் என்பதை ஒரு டைரியில் எழுதிவையுங்கள், தீர்ப்பு நகலில் உங்கள் பெயர் வந்திருந்தால் அந்தப் பக்கத்தை ஸ்கேன் செய்து வையுங்கள். அனுபவச் சான்றிதழ் கேட்டு நடுவரிடம் போய் நிற்கும்போது, அதற்குள் இரண்டு மூன்று பேர் மாறிப் போயிருப்பார்கள், புதிதாக வந்தவருக்கு உங்களைத் தெரியாது.