ஆரஞ்சு ஆற்றில் கேனோ முகாம்: தூண்டிலோடு போகிறவர்கள் பணம் கட்டுமுன் படிக்க

வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல் ஓர் ஆற்றில் மிதந்துபோய், வழியில் தூண்டில் போட்டு, ராத்திரி மணலில் படுத்துத் தூங்க ஆசையா? தென்னாப்பிரிக்காவில் அதற்கு ஆரஞ்சு ஆற்றின் கீழ்ப்பகுதியை விட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஆனால் அங்கே கேனோ (நீண்ட துடுப்புப் படகு) பயணம் நடத்துகிறவர்கள் துடுப்புப் போடுவதைத்தான் விற்கிறார்கள். மீன்பிடிப்பு அதில் ஓர் ஒட்டு மட்டும்தான். இதைத் தெரிந்துகொண்டு, முன்கூட்டியே பேசிவைத்துப் போனால் பயணம் அருமையாக அமையும். பேசாமல் போனால் தூண்டிலை வண்டியிலிருந்து இறக்கவே நேரம் இருக்காது.

நாங்கள் போன நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. நமீபியா எல்லையில் வியூல்ஸ்டிரிஃப், நூர்டூவர் பக்கம் ஆற்றங்கரையில் முகாம் வைத்திருக்கும் நிறுவனங்கள் பல. நான் விசாரித்த வரை எல்லோருடைய முறையும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் இதை அந்த முறையைப் பற்றிய மதிப்பீடாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கூட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குப் பொருந்துமா என்று பார்க்க உதவும். நான் டர்பனின் சாட்ஸ்வர்த்தில் வளர்ந்தவள். தாத்தா டர்பன் கடற்கரையில் கரைவலை இழுத்தவர். ஜூன், ஜூலையில் சார்டின் (மத்தி) மீன் கூட்டம் கரையேறும்போது எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாருக்கும் வேலை ஓடாது. என்னோடு வந்தவர்கள் எழுபதைத் தாண்டிய மாமா, மாமி, என் கணவர், தம்பி பையன். கடலில் மீன் பிடித்துப் பழகிய குடும்பம், ஆற்றில் கேனோ ஓட்டியவர்கள் ஒருவரும் இல்லை. மாமிக்கு நீச்சல் தெரியாது.

எப்போது போவது என்பதில்தான் முதல் வாக்குவாதம். கோடையில் அங்கே வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும், நிழலும் கிடையாது. டிசம்பர் விடுமுறைக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். செப்டம்பர் நல்ல மாதம்தான், ஆனால் புரட்டாசி வந்துவிடும். புரட்டாசியில் மீனைத் தின்னாவிட்டாலும் அதன் வாயில் முள்ளை மாட்டுவது எப்படிச் சரியாகும் என்று மாமி கேட்டார். யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. ஈஸ்டருக்கும் சித்ரா பருவம் காவடிக்கும் அப்புறம், மே மாதத் தொடக்கம் என்று முடிவானது. பகலில் இதமான வெயில், ராத்திரியில் நல்ல குளிர். மறுபடி போனாலும் அதே மாதத்தைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

டர்பனிலிருந்து காரிலேயே போவது வயதானவர்களுக்கு வேதனை. கேப் டவுனுக்கு விமானத்தில் போய், வாடகை வண்டி எடுத்து, என்7 சாலையில் வடக்கே சுமார் 700 கி.மீ. போனால் எல்லை வந்துவிடும். வழியில் ஸ்பிரிங்பொக்கில் ஒரு ராத்திரி தங்குங்கள். ஐஸ், காய்கறி, மருந்து எல்லாம் அங்கேயே வாங்கிவிடுங்கள், அதற்கு மேல் பெரிய ஊர் கிடையாது. நிறுவனத்தின் முகாம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், நமீபியாவில் இருந்தால் கடவுச்சீட்டு இல்லாமல் போக முடியாது. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்து இங்கே வேலை பார்ப்பவர்கள் நமீபியா விசாவை மட்டும் பார்த்தால் போதாது, தென்னாப்பிரிக்காவுக்குள் திரும்பி நுழைய அனுமதி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இனி ஆறு. லெசோத்தோ மலைகளில் பிறந்து, சுமார் 2,200 கி.மீ. மேற்கே ஓடி அட்லாண்டிக்கில் சேர்கிறது. மேலே 1971இல் முடிந்த காரீப் அணையும் 1977இல் முடிந்த வாண்டர்க்ளூஃப் அணையும் நீரைத் தேக்கி விடுவதால், மழை அரிதான ரிக்டர்ஸ்வெல்ட் பாலைவனத்தின் நடுவே வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடுகிறது. இரண்டு பக்கமும் கறுத்த மலை, கரையில் மட்டும் ஒரு கோடு பச்சை. நமீபியா பக்கம் அவுசன்கேர் திராட்சைத் தோட்டங்கள். எங்களுக்கு இவற்றை விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு: இந்தப் பகுதியில் முதலையும் இல்லை, நீர்யானையும் இல்லை. இவை இரண்டும் உள்ள செயின்ட் லூசியா ஏரிப் பக்கம் தண்ணீரில் காலை வைக்கவே பயப்படும் எங்களுக்கு, இடுப்பளவு நீரில் நின்று தூண்டில் வீசுவது புது அனுபவம். மாமா முதல் நாள் முழுக்கத் தண்ணீரை விட்டு ஏறவே இல்லை.

கேனோ இருவர் உட்காரும் பிளாஸ்டிக் வகை. அகலமானது, சுலபத்தில் கவிழாது. நடுவில் ஒரு கூலர் பாக்ஸும் இறுக்கமான மூடி போட்ட வாளிகளும் கட்டிக் கொடுக்கிறார்கள். துணி, படுக்கை, மருந்து எல்லாம் அந்த வாளிக்குள் அடங்க வேண்டும், அதனால் பெரிய பெட்டி கொண்டுபோய்ப் பயனில்லை. வாளிகள் நல்ல தரம், ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை. லைஃப் ஜாக்கெட்டும் புதிதாக, அளவுக்கு ஏற்றதாக இருந்தது. மாமிக்குச் சரியாகப் பொருந்தும் வரை வழிகாட்டி மூன்று நான்கு மாற்றிப் பார்த்தார், அந்தப் பொறுமைக்கே தனியாக மதிப்பெண் போடலாம். கூலர் பாக்ஸைத்தான் குறை சொல்ல வேண்டும். எங்களுக்குக் கிடைத்ததில் மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தது, மறுநாள் மதியத்துக்குள் ஐஸ் கரைந்துவிட்டது. முகாமிலேயே மூடியை அழுத்திப் பாருங்கள், ஆடினால் உடனே மாற்றச் சொல்லுங்கள். ஆற்றில் இறங்கிய பிறகு மாற்ற வழியே இல்லை.

பின்னால் உட்காருபவர்தான் திசை திருப்ப வேண்டும், முன்னால் இருப்பவர் வேகம் கொடுத்தால் போதும். வேகநீர், அதாவது பாறைகளுக்கு இடையே ஆறு சீறி ஓடும் இடம், வரும்போது நீர்ப்பரப்பில் வழுவழுப்பான ஒரு நாக்கு கீழ்நோக்கிக் குவிந்து தெரியும். அதன் நடுவே விட்டால் கேனோ தானாகப் போய்விடும். குவியும் முனை நம்மைப் பார்த்து இருந்தால் அடியில் பாறை, விலக வேண்டும். இவ்வளவையும் நாமா இனத்தைச் சேர்ந்த எங்கள் வழிகாட்டி கரையிலேயே மணலில் கோடு போட்டு விளக்கினார். சாம்போக் என்று ஒரு பெரிய வேகநீர் இருக்கிறது. அதற்கு முன்பே எல்லோரையும் நிறுத்தி, மாமியைத் தன் கேனோவின் முன்புறம் உட்கார வைத்து, மாமாவைப் பார்த்து "அங்கிள், நீங்கள் விரும்பினால் கரையோடு நடந்தும் வரலாம்" என்றார். மாமா நடக்கவில்லை. நனைந்தாலும் கவிழவில்லை.

வேகநீரை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையில் ஆளைக் களைப்பாக்குவது காற்று. பிற்பகல் ஆனதும் கடல் பக்கத்திலிருந்து ஆற்றுக்கு எதிராக வீசத் தொடங்குகிறது. துடுப்பை நிறுத்தினால் கேனோ மேல்நோக்கிப் போகிறது. இரண்டாம் நாளுக்கு நிறுவனம் குறித்திருந்த தூரம் இளவட்டங்களுக்கானது. காலையில் சாவகாசமாகக் காப்பி, அப்புறம் புறப்பாடு என்று வைத்ததால், காற்று எழும்போது பாதித் தூரம்கூடத் தாண்டவில்லை. மாமாவுக்குத் தோள் விட்டுப்போனது. முகாம் மணலைத் தொடும்போது வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, அந்த மாலை யாரும் தூண்டிலைத் தொடவில்லை. இதை நான் குறையாகவே எழுதுகிறேன். தளர்வான குடும்பப் பயணம் என்று சொல்லி விற்றால் தூரத்தையும் அப்படி வைக்க வேண்டும், அல்லது விடிந்ததுமே கிளம்ப வேண்டும். அன்றிரவு வழிகாட்டியிடம் பேசினோம். அடுத்த நாள் விடியற்காலையில் புறப்பட்டு, பதினொரு மணிக்கெல்லாம் அடுத்த மணல்திட்டில் இறங்கிவிட்டோம். கேட்டால் செய்கிறார்கள், கேட்க வேண்டியிருக்கிறது.

அந்த மூன்றாம் நாள்தான் நாங்கள் தேடிப்போன நாள். கடற்கரையில் வீசும் பதின்மூன்று அடிக் கம்பை இங்கே கொண்டுவராதீர்கள். ஏழடிக் கம்பு, மூன்று நான்கு கிலோ தாங்கும் மெல்லிய தூண்டில் நரம்பு, சிறிய ஸ்பின்னர் (நீரில் சுழலும் உலோகப் போலி இரை) போதும். ஆற்றில் முக்கியமான மீன் யெல்லோஃபிஷ், ஆரஞ்சு ஆறும் அதன் கிளையாறான வாலும் (Vaal) சேர்ந்த தொகுதிக்கே உரியது. சிறுவாய், பெருவாய் என்று இரண்டு வகை. சிறுவாய் வகை வேகநீருக்குக் கீழே, ஓடும் நீரும் தேங்கும் நீரும் உரசிக்கொள்ளும் கோட்டில் நிற்கும். ஸ்பின்னரை அந்தக் கோட்டுக்குக் குறுக்கே வீசி, நீரோட்டத்திலேயே வளைந்து வரவிட்டால் கடித்துவிடுகிறது. கடித்ததும் அது நீரோட்டத்தோடு சேர்ந்துகொண்டு இழுக்கும் இழுப்பு இருக்கிறதே, நம் டர்பன் கடலில் பிடிக்கும் ஷேட் மீனின் குதிப்பு வேறு, இது வேறு. தம்பி பையன் முதல் மீனை மாட்டியபோது "அத்தை, பாறை மாட்டிக்கிச்சு" என்று கத்தினான். அந்தப் பாறை ஓடத் தொடங்கியது.

பெருவாய் வகை வேட்டை மீன். இருபது கிலோவைத் தாண்டியும் வளரும், ஆனால் வளர்ச்சி மிக மெதுவானது. உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன்னின் பட்டியலில் அச்சுறுத்தல் நிலையை நெருங்கும் இனமாக வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு அது கிடைக்கவில்லை, கிடைத்திருந்தாலும் ஆற்றுக்குத்தான் திரும்பிப் போயிருக்கும். யெல்லோஃபிஷ் எதுவானாலும் விட்டுவிடுங்கள். தூண்டில் முள்ளின் முனையில் பின்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கொக்கியைக் குறடால் நசுக்கிவிட்டால் வாயைக் கிழிக்காமல் கழன்று வரும். கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், மணலில் போட்டுப் படம் எடுக்காதீர்கள். மீன் பிடித்தால் சட்டிக்குப் போக வேண்டும் என்று வளர்ந்த மாமாவுக்கு இது முதலில் ஒப்பவில்லை. இரண்டு மீனைத் தன் கையாலேயே நீரில் பிடித்து நிறுத்தி, அது மூச்சு வாங்கி வாலடித்துப் போவதைப் பார்த்த பிறகு தம்பி பையனுக்கு அவரே பாடம் எடுக்கத் தொடங்கினார்.

குழம்புக்கு பார்பெல் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆப்பிரிக்கக் கெளுத்தி என்கிறார்களே, இந்தியாவில் வளர்க்கத் தடை போட்ட மீன், அதேதான். 1822இல் பர்ச்செல் என்ற இயற்கை ஆய்வாளர் விவரித்த இந்த மீனுக்கு இந்த ஆறுதான் சொந்த வீடு. இங்கே அது யாருக்கும் தொல்லை இல்லை. இருட்டியதும் தேங்கிய நீரில் கோழி ஈரலைப் போட்டால் வரும். பக்கத் துடுப்பு முள் கையைக் கிழிக்கும், பையன்களைத் தனியாகக் கழற்ற விடாதீர்கள். உரிமம் இல்லாமல் தூண்டில் போடக் கூடாது, எந்தக் கரைக்கு எந்த அனுமதி என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எங்கள் வழிகாட்டிக்கு ஆற்றின் ஒவ்வொரு பாறையும் தெரியும், மீன் நிற்கும் இடமும் தெரியும். ஆனால் நாம் கேட்கும் வரை அவர் சொல்லவில்லை, அவருக்குக் கொடுத்த அட்டவணையில் அதற்கு இடமில்லை.

சாப்பாடு சேர்ந்த தொகுப்பு, நாமே சமைத்துக்கொள்ளும் தொகுப்பு என்று இரண்டு உண்டு. சேர்ந்ததை எடுத்தால் பிராய் அடுப்பில், அதாவது நெருப்புத் தணலில் சுட்ட பூர்வோர்ஸ் சாசேஜ் வரும், அது பெரும்பாலும் மாட்டிறைச்சி. நம் வீடுகளில் பலரும் தொடமாட்டார்கள், அதே கம்பி வலையில் சுட்ட கோழியையும் மாமி தொடவில்லை. பதிவு செய்யும்போதே எழுதியிருந்தோம், தகவல் சமையல் பொருட்களைக் கட்டுகிறவருக்குப் போய்ச் சேரவில்லை. வழிகாட்டி மன்னிப்புக் கேட்டு, மறுநாளிலிருந்து முதலில் எங்களுக்குச் சுட்டுத் தந்தார். சொந்தமாக ஒரு சின்னக் கம்பி வலை கொண்டுபோவதே நல்லது. மாமி டர்பன் விக்டோரியா தெரு மார்க்கெட் மசாலாவும், வீட்டில் சுட்ட ரொட்டியும், டின் மீனும் கொண்டுவந்திருந்தார். தக்காளி, பச்சை மிளகாய் போட்டு அந்த டின் மீன் சட்னி கொதித்த வாசனைக்குப் பக்கத்துக் கூட்டத்துக் கேப் டவுன்காரர்கள் தட்டோடு வந்து நின்றார்கள். கடைசி ராத்திரி பார்பெல் குழம்பும் அப்படியே காலியானது.

கூடாரம் தர மாட்டார்கள், திறந்த மணலில்தான் படுக்கை. மே மாதத்துக்குக் கனமான ஸ்லீப்பிங் பேக் வேண்டும். விளக்கை வைத்துக்கொண்டு 'தன்னி' என்ற சீட்டாட்டம் ஆடினோம், பத்து மணிக்குள் எல்லோரும் தூங்கிவிட்டோம். கழிப்பறை என்றால் ஒரு மண்வெட்டியும் தாளும்தான். ஆற்றிலிருந்து தள்ளிப் போய்க் குழி தோண்டி மூட வேண்டும். பெண்களுக்கு இது தயக்கமாக இருக்கும் என்று தெரிந்து, ஒவ்வொரு முகாமிலும் பெண்களுக்கு ஒரு பக்கம், ஆண்களுக்கு ஒரு பக்கம் என்று வழிகாட்டி பிரித்துவிட்டார். மாமி முதல் நாளுக்கு அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. குளியலுக்கு ஆறு இருக்கிறது, சோப்பு மட்டும் தண்ணீரில் போடக் கூடாது.

மொத்தத்தில் பாதுகாப்புக்கும் வழிகாட்டிக்கும் முழு மதிப்பெண், பொருட்களுக்குப் பாதிக்கு மேல், அலுவலகத்துக்குக் குறைவு. பணம் கட்டுமுன் ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் துடுப்பு, எத்தனை மணிக்குப் புறப்பாடு என்று கேளுங்கள். ஒரு பகல் முழுக்க ஒரே மணல்திட்டில் நிற்க முடியுமா என்றும் கேளுங்கள். முடியாது என்றால் அடுத்த நிறுவனத்துக்கு எழுதுங்கள். அதே ஆறுதான், அதே மீன்தான். முடிவிடத்திலிருந்து முகாமுக்குத் திரும்பும் பயணத்தையும் விசாரித்துவையுங்கள். எங்களைத் திறந்த லாரியில் புழுதிச் சாலையில் கொண்டுவந்தார்கள். ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு இடங்களை மாமாவுக்கும் மாமிக்கும் என்று முதல் நாளே சொல்லிப் பிடித்துவைத்திருந்தோம்.