சுடுபாறையில் நான்கு ஆண்டுகள்: என் மலையேற்ற ஷூ

2025 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீழக்குயில்குடி சமணர் மலையிலிருந்து பாதி வழி இறங்கியபோது என் இடது ஷூவின் அடிப்பாகம் வாயைப் பிளந்தது. அடுத்த பத்தடிக்குள் முழுவதும் கழன்று கையோடு வந்துவிட்டது. மேல்தோல் கிழியவில்லை. தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை. ரப்பர் சோலில் பிடிப்புக்காகப் புடைத்திருக்கும் கட்டைகள்கூடப் பாதிக்கு மேல் தேயாமல் இருந்தன. இரண்டுக்கும் நடுவில் இருந்த மெத்தைதான் மாவாக உதிர்ந்திருந்தது. துப்பட்டாவால் காலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். அன்று முதல் இதை எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். மதுரைப் பக்கத்துப் பாறைகளில் நடப்பதற்காகப் புதிதாக ஷூ வாங்கப் போகிறவர்களுக்கு இந்த ஒரு ஜோடியின் கதை உதவும்.

2021 ஜனவரியில் வாங்கினேன். கணுக்கால் வரை ஏறும் உயரம். ஜோடியின் எடை 1,100 கிராம். உள்ளே நீர் புகாத சவ்வு, அடியில் ஆழமான கட்டைகள் கொண்ட ரப்பர். விலை ஆறாயிரத்து எண்ணூறு ரூபாய். என் சம்பளத்தில் அது யோசித்துச் செய்த செலவு. கடையில் விற்பனையாளர் அழுத்திச் சொன்னது ஒன்றைத்தான்: "தண்ணீர் ஒரு சொட்டுகூட உள்ளே போகாது மேடம்." மதுரையில் எத்தனை நாள் தண்ணீரில் நடக்கப் போகிறோம் என்று எனக்கு அன்று கேட்கத் தோன்றவில்லை.

நாங்கள் ஏழு பேர். அஞ்சல் துறையில் ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர், செவிலியராக வேலை பார்க்கும் தங்கை, ஒத்தக்கடையிலிருந்து வரும் தம்பி, அவனுடைய கல்லூரி நண்பர்கள் மூவர், நான். விடியும் முன் ஏறி, வெயில் ஏறும் முன் இறங்கி, ஆலமரத்தடியில் பருத்திப்பால் குடித்தபடி ஒரு மணி நேரம் பேசுவோம். சமணர் மலை, நாகமலை, யானைமலை, அரிட்டாபட்டி என்று ஞாயிறுதோறும் மாறும். பேச்சு மட்டும் மாறாது: யாருக்கு எங்கே கொப்புளம், எந்தக் கடையில் எந்தச் சாக்ஸ், முட்டிக்கு என்ன தைலம். ஷூவைப் பற்றி நான் அறிந்ததில் பெரும்பகுதி அந்த மரத்தடியில் கிடைத்ததுதான்.

வெப்பத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இங்கே முதல் பிரச்சினை அதுதான். நீர் புகாத சவ்வு வியர்வையை ஆவியாக வெளியே விடும் என்பது உண்மை. ஆனால் ஷூவுக்கு உள்ளே வெளியைவிட நன்றாகச் சூடும் ஈரமும் இருந்தால்தான் அது ஒழுங்காக நடக்கும். குளிர்ப் பிரதேசத்தில் அந்த வித்தியாசம் தானாகவே கிடைத்துவிடுகிறது. மே மாதத்து மதுரையில் வெளிக்காற்றே கால் சூட்டை எட்டிவிடுகிறது. அப்புறம் ஆவி எங்கே போகும்? எட்டு மணிக்கு ஷூவைக் கழற்றினால் சாக்ஸைப் பிழியலாம். இரண்டு கோடைகள் இப்படிப் போயின. விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்து தங்கை மருந்து வாங்கிக் கொடுத்தாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிறுமலையில் ஓர் ஓடையைக் கடக்கும்போது தண்ணீர் கணுக்காலுக்கு மேல் ஏறி ஷூவுக்குள் இறங்கிவிட்டது. வெளியிலிருந்து நீரை விடாத சவ்வு உள்ளே போன நீரையும் வெளியே விடாது. நாள் முழுவதும் இரண்டு குடங்களைக் காலில் கட்டிக்கொண்டு நடந்தது போல இருந்தது. செய்தித்தாளைத் திணித்து வைத்தும் காய இரண்டு நாள் ஆனது. சாதாரண வலைத்துணி ஷூ அணிந்திருந்த தம்பியின் கால் அரை மணி நேரத்தில் காய்ந்துவிட்டது.

பிடிப்பு விஷயத்தில் என் தீர்ப்பு இடத்துக்கு இடம் மாறும். ஆழமான கட்டைகள் சேற்றிலும் சருகு மூடிய மண்ணிலும் அருமையாகக் கடித்துப் பிடித்தன. யானைமலை போன்ற மொட்டைப் பாறையில் கதை வேறு. அங்கே பாறையைத் தொடும் ரப்பரின் பரப்பு எவ்வளவு என்பதுதான் கணக்கு. இடைவெளி விட்ட கட்டைகளைவிடத் தட்டையான, மென்மையான ரப்பர் நன்றாக ஒட்டும். பாறையின் மேல் மெல்லிய சரளை பரவியிருக்கும் இடங்களில் என் ஷூ பலமுறை வழுக்கியிருக்கிறது. காலை வேளையில் வெறுங்காலோடு சரிவில் விறுவிறுவென்று இறங்கிப் போகும் பாட்டிகளைப் பார்க்கிறேன். காய்ந்த பாறையில் அந்தப் பாதங்களுக்கு இருக்கும் பிடிப்பு என் ஷூவுக்கு ஒரு நாளும் இருந்ததில்லை.

கோடையில் நாங்கள் காட்டுக்குள் போவதே இல்லை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணிக் காட்டுத்தீயில், மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த வாரம் முழுவதும் நாங்கள் ஒருவரோடு ஒருவர் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. காய்ந்த மாதங்களில் பாறைக்குன்று மட்டும், மழைக்குப் பின் வனத்துறை அனுமதியோடு மட்டும் காடு என்று அன்று முடிவெடுத்தோம். அதனால்தான் என் ஷூ வாழ்ந்த வாழ்க்கையில் பெரும்பகுதி சுடுபாறையில் கழிந்தது.

முள்ளைப் பற்றிச் சுருக்கமாக: நெருஞ்சி ஒன்றும் செய்யாது. நாகமலை அடிவாரத்தில் சீமைக் கருவேல முள் ஒன்று மட்டும் சோலின் ஓரத்தில் ஏறி விரல்வரை எட்டியது. குறடால் பிடுங்க வேண்டியிருந்தது.

2021 டிசம்பரில் கொடைக்கானலிலிருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்கினோம். அனுமதி வாங்கி, உள்ளூர் வழிகாட்டியோடு போன பயணம். வெள்ளகவி ஊருக்குள் யாரும் செருப்பு அணிவதில்லை. அது கோயில்கள் நிறைந்த ஊர். நாங்களும் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தோம். அப்போதுதான் என் கட்டைவிரல் நகங்கள் இரண்டும் கருநீலமாகியிருப்பதைப் பார்த்தேன். மணிக்கணக்காக ஒரே இறக்கம். ஒவ்வோர் அடிக்கும் விரல் நுனி ஷூவின் முன்சுவரில் மோதியிருக்கிறது. ஒரு நகம் விழுந்து முளைக்க ஏழு மாதம் ஆனது. ஷூ ஒரு அளவு சிறியது என்று முடிவு கட்டி, விற்றுவிடவும் நினைத்தேன்.

அதைத் தடுத்தது ஒத்தக்கடைத் தம்பி. 2022 பிப்ரவரியில் அவன் பனிச்சறுக்குப் பழகக் காஷ்மீரின் குல்மார்க் போனான். அதே மாதம் பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகக் களமிறங்கினார் ஆரிப் கான். குல்மார்க் சரிவுகளில் பழகிய அவர், ஜயன்ட் ஸ்லாலம் என்ற பனிச்சறுக்குப் போட்டியில் 45ஆவது இடம் பெற்றார். தம்பி திரும்பி வந்த ஞாயிறு நாங்கள் மலையேறவே இல்லை. மரத்தடியில் உட்கார்ந்து அவனைப் பேச வைத்தோம்.

பனிச்சறுக்கு பூட்ஸ் கெட்டியான பிளாஸ்டிக் ஓடாம். அளவைச் சென்டிமீட்டரில் சொல்வார்களாம். போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றால் விரல் முன்பக்கத்தைத் தொட வேண்டும், முட்டியை முன்னால் மடக்கினால் விரல் பின்வாங்க வேண்டும், குதிகால் மட்டும் எந்த நிலையிலும் மேலே எழக் கூடாது. இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டு போன இவனைப் பயிற்சியாளர் ஒன்றைக் கழற்றச் சொல்லியிருக்கிறார். இரண்டு துணி ஒன்றன் மேல் ஒன்று நழுவினால் பூட்ஸுக்குள் கால் ஆடும் என்பது அவர் சொன்ன காரணம். அண்ணனுக்கு வேறொன்றில்தான் ஆர்வம். விழும்போது கால் முறுக்கினால், குறிப்பிட்ட விசையைத் தாண்டியதும் சறுக்குப் பலகையின் பிடி தானாக விடுபட்டுப் பூட்ஸைக் கழற்றிவிடும் என்று தம்பி சொன்னதும், அதை மூன்று முறை விளக்கச் சொல்லிக் கேட்டார். இறங்கும்போது முட்டி வலியால் அவதிப்படுகிறவர் அவர்.

பிறகு தம்பி என் ஷூவைக் கையில் எடுத்துப் பார்த்தான். "அக்கா, உங்கள் அளவு சரிதான். குதிகால் பிடிக்கவில்லை, அதனால் இறக்கத்தில் கால் முன்னால் ஓடுகிறது. கட்டுகிற விதத்தை மாற்றிப் பாருங்கள்" என்றான். பாதம் மடியும் இடத்தில் கயிற்றை இருமுறை சுற்றி இறுக்கி, அதற்கு மேலே தனியாகக் கட்டச் சொல்லிக்கொடுத்தான். இரண்டு பருத்திச் சாக்ஸுக்குப் பதில் ஒரே கம்பளிக் கலப்புச் சாக்ஸ். அடுத்த வாரமே அழகர்மலை இறக்கத்தில் வித்தியாசம் தெரிந்தது. அதன் பிறகு எனக்கு நகம் கருக்கவில்லை, கொப்புளமும் வரவில்லை. ஆறாயிரத்து எண்ணூறு ரூபாய் ஷூவில் ஓராண்டு நான் பட்ட பாட்டில் பாதி, கயிறு கட்டத் தெரியாததால் பட்டது.

இனி ஷூ செத்த கதை. 2024 ஜூலையில் வீட்டு வாசலில் தடுக்கி விழுந்து முட்டித் தசைநார் இழுபட்டது. எட்டு மாதம் மலைப்பக்கம் போகக் கூடாது என்றார்கள். ஷூவைக் கழுவி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, அட்டைப் பெட்டியில் போட்டுப் பரணில் வைத்தேன். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள பரண் அது. பத்திரமாக வைத்ததாகத்தான் நினைத்தேன்.

டவுன்ஹால் ரோடு அருகே நடைபாதையில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் கொண்டுபோனபோது, அவர் நடு மெத்தையை இரண்டு விரலால் நசுக்கிக் காட்டினார். பொடியாகக் கொட்டியது. "பசை போட்டால் எதில் ஒட்டும் அம்மா? ஒட்ட இடமே இல்லை. வீணாகக் காசு கொடுக்காதீர்கள்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த மெத்தை பாலியூரித்தேன் நுரை. காற்றின் ஈரம் அதை ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல அரித்துக்கொண்டே இருக்கும், வெப்பம் அதை விரைவுபடுத்தும். நடந்தாலும் நடக்காவிட்டாலும் அது நடக்கும். சரியாகக் காயாத ஷூவைப் பிளாஸ்டிக்கில் மூடிச் சூட்டில் வைத்ததன் மூலம் அந்த வேலையை நானே முடித்துக் கொடுத்திருக்கிறேன்.

வாங்கிய கடையில் கேட்டேன். உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது என்றார்கள். அது சரிதான். ஆனால் விற்கும்போது தண்ணீரைப் பற்றி அத்தனை பேசியவர்கள், இந்த நுரைக்கு ஆயுள் உண்டு, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இதே ஷூவை மறுபடி வாங்குவேனா? மேற்குத் தொடர்ச்சி மலையில் மழைக்காலத்தில் நடப்பதுதான் உங்கள் வழக்கம் என்றால் தயங்காமல் வாங்குங்கள். கணுக்காலை அது தாங்கிய விதத்துக்கு நான் நன்றி சொல்வேன். மதுரையின் குன்றுகளுக்கு மட்டும் என்றால் வேண்டாம். நான் ஜூனில் வாங்கிய புது ஜோடியில் சவ்வு இல்லை. கணுக்காலுக்குக் கீழே முடியும் உயரம், வலைத்துணி மேல்பாகம், முன்பாதத்தில் தட்டையான ரப்பர், 700 கிராம். சாயங்காலம், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், கம்பளிச் சாக்ஸோடு போய்ப் போட்டுப் பார்த்தேன். கடைப் படிக்கட்டில் ஐந்து முறை ஏறி இறங்கிய பிறகே பணம் கொடுத்தேன். யானைமலையில் இரண்டு முறை போட்டுவிட்டேன், சரளையில் நன்றாக நிற்கிறது. கல் இடித்தால் கணு எலும்பில் வலிக்கிறது, அது ஒரு குறைதான்.

ஷூவின் நாக்கின் உட்புறம் மார்க்கரால் வாங்கிய தேதியை எழுதி வைத்திருக்கிறேன். இப்போது அது கட்டிலுக்கு அடியில் ஒரு துணிப்பையில் இருக்கிறது.