சர்க்கரைப் பரிசோதனை யாருக்கு: எடையா, மதிப்பெண்ணா, வயதா?

அறிகுறி எதுவும் இல்லாத பெரியவர்களில் யாரைக் கூப்பிட்டுச் சர்க்கரை பார்ப்பது? மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன.

முதலாவது, எடை. அமெரிக்காவின் நோய்த் தடுப்புப் பணிக்குழு 2021இல் சொன்னது: 35 முதல் 70 வயது, பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 25 அல்லது அதற்கு மேல். ஆசிய வம்சாவளியினருக்கு 23இலிருந்தே யோசிக்கலாம் என்றது. அப்படியும் இந்த வழி எனக்கு ஒப்பவில்லை. கை கால் ஒல்லியாக, வயிறு மட்டும் முன்னால் நிற்கும் நம் உடல்வாகு எடை இயந்திரத்தில் தெரிவதில்லை.

இரண்டாவது, மதிப்பெண். நீரிழிவு மருத்துவர் வி. மோகன் குழுவினர் சென்னையில் 2005இல் உருவாக்கியது. கேட்பது நான்குதான்: வயது, இடுப்பளவு, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா. நூற்றுக்கு 60 வந்தால் ஆபத்து அதிகம். கணினி முன் நாள் முழுதும் உட்காரும் 36 வயதுக்காரரைப் பாருங்கள். வயதுக்கு 20, இடுப்பு 92 செ.மீ. என்பதற்கு 10, உட்கார்ந்த வேலையும் உடற்பயிற்சி இல்லாததும் சேர்ந்து 30, அம்மாவுக்குச் சர்க்கரை என்பதற்கு 10. ஆக 70. பிஎம்ஐ 22 என்றால் அமெரிக்கக் கணக்கில் இவர் தப்பிவிடுவார்.

டேப் எங்கே சுற்றுவது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பேண்ட் அளவு 34 என்பது இடுப்பளவு ஆகாது; பேண்ட் தொப்பைக்குக் கீழே நிற்கிறது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் அளக்க வேண்டும்.

மூன்றாவது, வயது மட்டும். 30 தாண்டிய எல்லோருக்கும் பார்ப்பது இந்திய அரசின் வழி. 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இதை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. வீண் செலவு என்பவர்கள் உண்டு. பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்று 2023இல் வெளியான தேசிய ஆய்வு சொன்ன தமிழ்நாட்டில், அந்த வாதம் எடுபடாது.

என் ஓட்டு மூன்றாவதற்கே. மதிப்பெண்ணில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. வயல்வேலை செய்யும் 55 வயது ஒல்லி மனிதருக்கு 60 வராது. பெற்றோருக்குச் சர்க்கரை இருந்ததா என்றால் “இல்லை” என்பார். அவர்களுக்கு யாரும் பார்த்ததே இல்லை.

ஆனால் 28 வயதில், பெரிய தொப்பையும் உட்கார்ந்த வேலையும் சர்க்கரையுள்ள பெற்றோர் இருவருமாக வருபவரை வயது வழி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். 30க்குக் கீழே மதிப்பெண்ணைப் பயன்படுத்தலாம். கர்ப்பகாலச் சர்க்கரை வந்து போன பெண்களுக்கோ இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். எந்த வயதானாலும் நேராகப் பரிசோதனைதான்.