ஓட்டோ பற்றரிக்குச் சார்ஜ் ஏறவில்லையா: மல்டிமீட்டரா, டெஸ்ட் பல்ப்பா?

வாழைச்சேனை, கல்முனைப் பக்கம் ஓட்டோ வைத்திருப்பவர்கள் வோல்ட்டை எண்ணில் காட்டும் மல்டிமீட்டரா, கரண்ட் வந்தால் எரியும் டெஸ்ட் பல்ப்பா, எதை வாங்குவது என்று கேட்கிறார்கள்.

விலை: பல்ப் மலிவு, மீட்டர் கொஞ்சம் கூட.

உழைப்பு: மீட்டருக்குத் தண்ணீர் ஆகாது. பல்ப் போனால் இன்னொரு பல்ப், அவ்வளவுதான்.

துல்லியம்: இதுதான் முக்கியம். எஞ்சின் ஓடும்போது 12 வோல்ட் பற்றரியில் மீட்டர் பொதுவாக 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். 13-க்குக் கீழே நின்றால் சார்ஜ் சரியாக ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைப் பாருங்கள், பற்றரி கெட்டுவிடும். குறைந்தாலும் கூடினாலும் பல்ப் எரியும், வித்தியாசம் சொல்லாது.

ஆனால் கடற்காற்றில் உப்பரித்த எர்த் வயரில் (பற்றரியை வண்டி உடலோடு இணைக்கும் வயர்) மீட்டர் 12 காட்டி ஏமாற்றும். கரண்ட் இழுக்கிற பல்ப் மங்கிக் காட்டிக்கொடுக்கும்.

எந்த வயரில் கரண்ட் வருகிறது என்று தேட பல்ப் போதும். ரெகுலேட்டருக்குக் காசு கொடுக்குமுன் மீட்டர் கட்டாயம். கணினி உள்ள வண்டியென்றால் அதன் வயர்களில் பல்ப்பை வைக்கவே வேண்டாம்.